தி உக்ரைனியன்ஸ்

தி உக்ரைனியன்ஸ் என்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவான நாட்டார் ராக் இசைக்குழு. உக்ரைனிய நாட்டார் மெட்டுகளையும், அவற்றின் சாயலில் தாங்களே கட்டிய பாடல்களையும் மின்கிதார், டிரம்ஸ், வயலின், மாண்டலின், அக்கார்டியன் ஆகியவற்றோடு உக்ரைனிய மொழியில் பாடிவருகிறது. முதல் ஆல்பம் 1991-இல் வந்தது. கிதார் கலைஞர் பீட்டர் சொலோவ்கா, பாடகரும் வயலின் கலைஞருமான லென் லிகின்ஸ், மாண்டலின் வாசித்துப் பாடிய ரோமன் ரெமெய்னிஸ் ஆகிய மூவர் தொடக்கத்தில் குழுவின் மையமாக இருந்தார்கள். பெயரைப் பார்த்துக் கீவிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குழுவின் குரலான லிகின்ஸ் ஆங்கிலேயர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகள் படித்தவர். சொலோவ்காவுக்கு உக்ரைன் தந்தைவழிச் சொத்து. லிகின்ஸுக்கு அது உட்கார்ந்து படித்துச் சேர்த்த சொத்து. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் இக்குழுவின் இசை ஊர் ஏக்கப் பாட்டாகத் தேங்கிவிடவில்லை.

பின்னணி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனி, ஆஸ்திரிய அகதி முகாம்களில் உக்ரைனியர் பெருந்திரளாக இருந்தனர். நாஜிகள் கட்டாய வேலைக்கு இழுத்துச் சென்றவர்கள் ஒரு பகுதி. சோவியத் ஆட்சிக்கு அஞ்சி மேற்கே வந்தவர்கள் இன்னொரு பகுதி. பிரிட்டனில் அப்போது ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வயல்களுக்கும் ஆள் போதவில்லை. 1947-இல் தொடங்கிய ‘வெஸ்ட்வர்ட் ஹோ’ என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தின் வழியே ஏறத்தாழ 20,000 உக்ரைனியர் அங்கே வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டில் இத்தாலியின் ரிமினி முகாமிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். இவர்கள் ஜெர்மானியரின் கீழ்ப் போரிட்ட கலீசியா டிவிஷனைச் சேர்ந்தவர்கள். அந்தப் படைப்பிரிவின் போர்க்கால நடத்தை இன்றும் சர்ச்சைக்குரியது.

வந்தவர்களில் கணிசமானோர் பிராட்ஃபோர்ட், லீட்ஸ், ஓல்டம், ராச்டேல், மான்செஸ்டர் போன்ற வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் தங்கினார்கள். பிரிட்டன் உக்ரைனியர் சங்கம் 1946-இலேயே தொடங்கப்பட்டிருந்தது. நகரத்துக்கு நகரம் அதன் கிளைகள் பழைய கட்டடங்களை வாங்கி மன்றங்களாக்கின. கீழே மதுக்கடை, மேலே நடனக்கூடம், சனிக்கிழமையானால் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு என்பதுதான் பொதுவான அமைப்பு. பாட்டுக் குழுவும் நடனக் குழுவும் அங்கேயே பயிற்சி எடுத்தன. கல்யாண விருந்தும் அங்கேயே நடந்தது.

அங்கே பாடப்பட்ட பாட்டுகளுக்குத் தாயகத்தில் நேர்ந்ததைப் பார்க்க, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரஷ்யப் பேரரசு 1876-இல் பிறப்பித்த எம்ஸ் ஆணை, இசைக்குறிப்புகளுக்கு அடியில் உக்ரைனிய மொழியில் பாட்டு வரிகளை அச்சிடுவதைக்கூடத் தடைசெய்தது. ஸ்டாலின் காலத்தில் பண்டுரா என்னும் நரம்பிசைக் கருவியின் மேதையும் எழுத்தாளருமான ஹ்னாத் ஹோத்கேவிச் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னாளில் சோவியத் அரசு நாட்டார் இசையை அழிக்கவில்லை; இஸ்திரி போட்டு மேடையேற்றியது. பளபளக்கும் காலணிகள், ஐம்பது பேர் ஒரே அச்சில் குதிக்கும் நடனம், மெருகேற்றிய சேர்ந்திசை என்று அரசு விழாவுக்கு ஏற்ற பண்டமாக அது ஆனது. பிராட்ஃபோர்டிலோ ஓல்டமிலோ இருந்த மன்றத்தில் அதே பாட்டு, சனிக்கிழமை இரவு இரண்டு கோப்பை உள்ளே போனபின் மேசையைத் தட்டிப் பாடப்பட்டது. மெருகு குறைவு, உயிர் அதிகம். தி உக்ரைனியன்ஸின் இசை அரசு மேடையின் பிள்ளை அல்ல, அந்த மேசைத் தட்டலின் பிள்ளை.

ஜான் பீல் நிகழ்ச்சி

லீட்ஸில் 1985-இல் டேவிட் கெட்ஜ் தொடங்கிய ‘தி வெடிங் பிரசன்ட்’ என்ற ராக் குழுவில் சொலோவ்கா கிதார் வாசித்தார். கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தந்திகளை மேலும் கீழும் அடிக்கும் பாணி அக்குழுவின் அடையாளம். 1987-இல் வந்த ‘ஜார்ஜ் பெஸ்ட்’ ஆல்பத்தால் பெயர் பரவியது.

பி.பி.சி. ரேடியோ 1-இல் இரவு நிகழ்ச்சி நடத்திவந்த ஜான் பீல், புதிய குழுக்களை லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பாடவைப்பது வழக்கம். பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாட்டுகள் பதிவாகும். நாள்கணக்கில் செதுக்க வாய்ப்பு கிடையாது. பாதி கச்சேரி, பாதி பதிவு. வெடிங் பிரசன்ட் குழுவின் பதிவு ஒன்றின் இடைவேளையில் சொலோவ்கா விளையாட்டாக ஓர் உக்ரைனிய மெட்டை மீட்ட, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள் என்பது குழுவினர் சொல்லும் கதை. அந்த விளையாட்டு வினையானது. 1987 அக்டோபரில் முழுக்க உக்ரைனியப் பாட்டுகளாலான ஒரு பதிவு நடந்தது. பாடுவதற்கும் வயலின் வாசிப்பதற்கும் லிகின்ஸ் வந்தார். 1988-இலும் 1989-இலும் மேலும் இரண்டு பதிவுகள் நடந்தன, ரெமெய்னிஸும் சேர்ந்துகொண்டார்.

முதல் இரண்டு பதிவுகளிலிருந்து தொகுத்த ஆல்பம் முதலில் குழுவின் சொந்த நிறுவனத்தின் பெயரில் வருவதாக இருந்தது. விநியோகஸ்தர் நொடித்துப்போனதால் தள்ளிப்போய், 1989 ஏப்ரலில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பெருநிறுவனத்தில் ஒப்பந்தமான ஒரு ஆங்கில ராக் குழு அங்கே தந்த முதல் வெளியீடே ஆங்கிலத்தில் இல்லை! ‘உக்ராயின்ஸ்கி விஸ்துப்பி வ் இவானா பீலா’ என்பது ஆல்பத்தின் பெயர். ‘இவான் பீலிடம் நடந்த உக்ரைனியக் கச்சேரிகள்’ என்று பொருள். ஜான் அட்டையில் இவான் ஆகிவிட்டார். பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் அது 22-ஆம் இடம்வரை போனது. ஒரு சொல்கூடப் புரியாத இளைஞர்கள் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதே இதன் பொருள்.

இதில் இடம்பெற்ற ‘யிஹாவ் கோசாக் ஸா துனாய்’ என்ற பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. டான்யூப் ஆற்றுக்கு அப்பால் போருக்குக் கிளம்பும் கோசாக் வீரனும் அவனைத் தடுக்கும் காதலியும் பேசிக்கொள்வதாக அமைந்த இப்பாட்டை 18-ஆம் நூற்றாண்டின் கோசாக் கவிஞர் செமென் கிளிமோவ்ஸ்கி எழுதியதாகச் சொல்வது மரபு. ‘ஷோன மின்கா’ என்ற பெயரில் ஜெர்மானிய வரவேற்பறைகளுக்குப் போய், பீத்தோவனும் வேபரும் கையாண்ட மெட்டு இது. வீடு விட்டு வெளியூர் போவதில் இந்தப் பாட்டுக்குப் பழக்கம் அதிகம். மைடா வேலுக்கு வந்தது அதன் முதல் வெளிநாட்டுப் பயணமல்ல.

தனிக்குழு

சொலோவ்கா 1991-இல் வெடிங் பிரசன்ட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதற்குள் உக்ரைனிய இசைக்கெனத் தனிக்குழு உருவாகியிருந்தது. ‘ஓய் திவ்சினோ’ என்ற குறுந்தட்டும், குழுவின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பமும் 1991-இல் குக்கிங் வினைல் நிறுவன வெளியீடாக வந்தன. 1993-இல் ‘வோரோனி’ வந்தது. காகங்கள் என்று பொருள். 1994-இல் ‘குல்தூரா’ வந்தது.

ஆண்டுகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். 1989 செப்டம்பரில் செர்னிவ்ட்ஸி நகரில் ‘செர்வோனா ரூத்தா’ விழா நடந்தது. உக்ரைனிய மொழியில் புதிய பாட்டுக்கென்று நடந்த முதல் பெருவிழா அது. அடுத்த மாதம் உக்ரைனிய மொழி, சோவியத் உக்ரைனின் ஆட்சிமொழியானது. 1991 ஆகஸ்ட் 24 அன்று விடுதலைப் பிரகடனம். டிசம்பர் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதை ஆதரித்தனர். லீட்ஸ் குழுவின் பிறப்பும் இதே இரண்டரை ஆண்டுகளில்தான். திட்டமிட்டு நேர்ந்ததல்ல. ஆனால், உக்ரைன் என்பதை ரஷ்யாவின் ஒரு மூலை என்று எண்ணியிருந்த ஆங்கிலேய இளைஞருக்கு, அது வேறு மொழி, வேறு மக்கள் என்று முதலில் சொன்னது செய்தித்தாளாக இல்லாமல் ஓர் இசைத்தட்டாக இருந்திருக்கலாம்.

இசை

இக்குழுவின் விரைவான பாட்டுகளுக்கு அடித்தளம் கொலோமிய்கா. கார்பாத்திய மலைப்பகுதியின் கொலோமியா ஊர்ப்பெயரால் வழங்கும் பாட்டு-நடன வடிவம் இது. ஒரு வரிக்கு 14 அசைகள். நான்கு, நான்கு, ஆறு என்று பிரியும். கடைசி இரண்டு அசைகள் மட்டும் இழுத்துப் பாடப்படும். நம் வாயால் சொல்லிப் பார்த்தால் எளிதில் பிடிபடும்: தகதிமி, தகதிமி, தகதிமி, தா தா. முதல் பன்னிரண்டு அசைகளும் மூச்சுவிடாமல் ஓட, ‘தா தா’ என்ற இடத்தில் ஆடுபவர் காலை ஊன்றிக்கொள்வார். இந்த இரட்டை ஊன்றலில்தான் கொலோமிய்காவின் குறும்பு இருக்கிறது. கேலிப் பாட்டு, காதல் பாட்டு, ஊர்வம்பு எல்லாம் இந்த அச்சுக்குள் வந்து விழும்.

இதை ராக் குழு எப்படி வாசிக்கிறது? பேஸ் கிதார் தட்டில் விழ, கிதார் எதிர்த்தட்டில் வெட்டும். டிரம்ஸ் இரண்டையும் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டும். பங்க் ராக்கின் தாளமும் ஏறத்தாழ இதே தட்டும் எதிர்த்தட்டும்தான். ஆகவே இரண்டையும் ஒட்டவைக்கப் பசை தேவைப்படவில்லை. மாண்டலினில் ஒரே சுரத்தை நீட்டிக்காட்டத் தந்தியை விடாமல் அதிரடிக்க வேண்டும். வெடிங் பிரசன்ட்டில் சொலோவ்கா கிதாரில் செய்ததும் அதுவே. கருவி மாறியதே தவிரக் கை மாறவில்லை.

மாண்டலின் உக்ரைனின் பழங்கருவி அல்ல, இத்தாலியக் கருவி. உக்ரைனிய நாட்டார் மேளத்தின் மரபான சேர்க்கை ‘திரோயிஸ்தா மூசிக்கா’ எனப்படும் மும்மேளம்: வயலின், சிம்பாலி, தோல்கருவி. சிம்பாலி என்பது கோல்களால் தட்டி வாசிக்கும் பலதந்திக் கருவி, சந்தூரின் உறவு. கனடாவுக்குக் குடியேறிய உக்ரைனியத் தொழிலாளர்கள் 1920-களில் தங்கள் சங்கக் கட்டடங்களில் பெரிய பெரிய மாண்டலின் குழுக்களை நடத்தினார்கள். விலை மலிவு, கற்க எளிது, கூட்டமாக வாசிக்கலாம். அதனால் புலம்பெயர்ந்தோரிடையே மாண்டலின் உக்ரைனிய ஒலியாகவே நிலைத்துவிட்டது. தூய்மை பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் வயலினைக் கர்நாடக இசைக் கருவியாக ஏற்றுக்கொண்ட நாம் அவர்களோடு சேர்ந்து சுளிக்க முடியாது.

சுர அமைப்பிலும் தமிழ்க் காதுக்குப் பழக்கமானவை உண்டு. நாட்டார் பாட்டுகளில் பெரும்பகுதி மேலைநாட்டு மைனர் சுரவரிசையில் அமைந்தவை. நமக்கு நடபைரவி, கீரவாணி. ‘தூமா’ எனப்படும் பழைய கதைப்பாடல்களில் கேட்கும் இன்னொரு சுரவரிசைக்கு இசையியலில் ‘உக்ரைனிய டோரியன்’ என்றே பெயர். சதுசுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்தியமம், சதுசுருதி தைவதம், கைசிகி நிஷாதம். அதாவது 58-ஆவது மேளமான ஹேமவதியின் ஏழு சுரங்களேதான். சுரங்கள் ஒன்றென்பதால் ராகமும் ஒன்றாகிவிடாது. கமகம் அங்கே கிடையாது, பிடிப்புகள் வேறு. ஆனாலும் காந்தாரத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையிலுள்ள அந்தத் தாவல், இரண்டு இடத்திலும் நெஞ்சைப் பிடிப்பது ஒரே விதமாகத்தான்.

லிகின்ஸின் குரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது பயின்ற குரலல்ல. சுருதியில் நூல்பிடித்தாற்போல நிற்காது. கூடத்தின் மறுகோடியில் இருப்பவனைக் கூப்பிடும் குரல். ஓபரா பயின்ற ஒருவர் பாடியிருந்தால் இந்தப் பாட்டுகள் மறுபடியும் அரசு மேடைக்கே போயிருக்கும்.

எதிர்த்திசையில்

நாட்டார் பாட்டை ராக் ஆக்குவதைப் பலரும் செய்திருக்கிறார்கள். தி உக்ரைனியன்ஸின் தனித்தன்மை அதன் மறுதலையில் இருக்கிறது. புகழ்பெற்ற ராக் பாட்டுகளை அவர்கள் உக்ரைனிய நாட்டார் பாட்டாக்கினார்கள். 1992-இல் வந்த ‘பிஸ்னி இஸ் தி ஸ்மித்ஸ்’ என்ற குறுந்தட்டில், மான்செஸ்டர் குழுவான தி ஸ்மித்ஸின் நான்கு பாட்டுகள் உள்ளன. வெறும் மொழிபெயர்ப்பு என்று இதை ஒதுக்கக் கூடாது. ‘பிக்மவுத் ஸ்ட்ரைக்ஸ் அகெய்ன்’ என்ற பாட்டுக்கு அவர்கள் இட்ட தலைப்பு ‘பாத்யார்’. லிவிவ் நகரத் தெருக்களில் நூறாண்டுக்கு முன் திரிந்த வாயாடி, சண்டியர், ஆனால் மனசுக்காரன். அவனுக்குத்தான் அந்தப் பெயர். ஆங்கிலத் தலைப்பிலுள்ள வாய்த்துடுக்குக்காரனுக்கு அகராதியில் சொல் தேடாமல், அவன் உக்ரைனில் பிறந்திருந்தால் யாராக இருந்திருப்பான் என்று தேடியிருக்கிறார்கள். ‘தி குவீன் இஸ் டெட்’ என்பது ‘கொரொலேவா நே போமெர்லா’ ஆனது. அதன் பொருள் ‘அரசி சாகவில்லை’! ‘மீட் இஸ் மர்டர்’ மட்டும் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல்லாக நின்றது. தமிழில் மொழிபெயர்ப்போர் இந்தத் தலைப்புகளை ஒருமுறை பார்ப்பது நல்லது.

வோரோனி ஆல்பத்தில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாட்டு ஒன்றும் இப்படி வந்தது. செர்னோபில் விபத்தின் பத்தாம் ஆண்டான 1996-இல், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் ‘ரேடியோஆக்டிவிட்டி’ உக்ரைனிய மொழியில் பாடப்பட்டது. 2002-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ‘அனார்க்கி இன் தி யு.கே.’ வந்தது, அதே ஆண்டின் ஆல்பம் ‘ரெஸ்பூப்ளிக்கா’. 2009-இல் ‘டயஸ்போரா’. பெயரே சொல்வதுபோல ஊர்விட்டு ஊர் போனவர்களின் பாட்டுகள். 2015-இல் வந்த ‘எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் ராக் மியூசிக் இன் உக்ரைனியன்’, பிறர் பாட்டுகளுக்காகவே ஒரு முழு ஆல்பம். இந்த வேடிக்கை எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் பாட்டில் கேலி ஒருமுறை கேட்டதும் தீர்ந்துபோகிறது. ஸ்மித்ஸ் தட்டு அப்படியல்ல. மூலத்தைக் கேட்டிராதவருக்கும் அது தானாக நிற்கும்.

ஒப்புநோக்கத்தக்க குழுக்கள்

கனடாவில் இந்த மரபு இன்னும் பழையது. 1891-இல் தொடங்கிய உக்ரைனியக் குடியேற்றம், வின்னிபெக் நகரில் தனக்கென ஒரு மேடை இசையையே வளர்த்திருந்தது. அங்கே 1960-களில் ‘மிக்கி அண்ட் பன்னி’ இணையர் கன்ட்ரி இசையை உக்ரைனியத்தில் பாடினார்கள். ‘டி-டிரிஃப்டர்ஸ் ஃபைவ்’ குழு 1965-இலேயே பீட்டில்ஸ் பாட்டுகளை உக்ரைனியத்தில் பாடித் தட்டு வெளியிட்டது. லீட்ஸ் குழுவுக்கு இவர்களைப் பாட்டன்மார் என்று சொல்லலாம். ஆனால் வின்னிபெக் குழுக்கள் பெரும்பாலும் தம் மக்களின் கல்யாணங்களுக்கும் கூடங்களுக்கும் பாடின. லீட்ஸ் குழு முதல் நாளிலிருந்தே அந்நியருக்குப் பாடியது. வேறுபாடு அங்கேதான்.

நியூயார்க்கில் 1999-இல் தொடங்கிய கோகோல் போர்டெல்லோ இவர்களைவிடப் பல மடங்கு புகழ்பெற்றது. அதன் தலைவர் யூஜின் ஹட்ஸ் கீவ் அருகே போயார்க்காவில் பிறந்தவர். ஆனால் அக்குழு முதன்மையாக ஆங்கிலத்தில் பாடுகிறது, ரோமா இசையை மையமாக வைக்கிறது. டொரண்டோவின் லெமன் பக்கெட் ஆர்க்கெஸ்ட்ரா ஊதுகருவிகளோடு தெருவில் இறங்கி வாசிக்கும் பெருங்குழு. தாயகத்தில் ஹைதமாக்கி, கோசாக் சிஸ்டம், தாஹாப்ராஹா முதலிய குழுக்கள் நாட்டார் இசையைத் தத்தம் வழியில் எடுத்துச் சென்றன. 2021 யூரோவிஷன் போட்டியில் கோ-ஏ குழு ஐந்தாம் இடம் பெற்றது. 2022-இல் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா வென்றது. அதே 2022 ஏப்ரலில் பிங்க் ஃபிளாய்ட், உக்ரைனியப் பாடகர் ஆந்திரி ஹ்லிவ்னியூக்கின் குரலோடு ஒரு பழைய படைப்பாட்டை வெளியிட்டது. உக்ரைனிய மொழியில் ராக் பாட்டு என்பது இன்று செய்தியே அல்ல. 1987-இல் மைடா வேலில் அது ஒரு கூத்தாகத்தான் பார்க்கப்பட்டது.

புதிதாகக் கேட்க விரும்புவோர் தரவரிசையைப் பார்த்துப் பீல் ஆல்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1991-இன் முதல் ஆல்பத்தை முதலில் கேட்கலாம். குழு தன் குரலைக் கண்டுகொண்டது அதில்தான். அடுத்து ஸ்மித்ஸ் குறுந்தட்டு. பீல் பதிவுகளைக் கடைசியாகக் கேளுங்கள். எங்கிருந்து கிளம்பினார்கள் என்பது அப்போது தெரியும்.